ஒன்றும் கொடுக்காத எலிகள்

மூன்றாம் கூட்டத்து எலிகளுக்கு யாரும் ஒன்றும் கொடுத்திருக்கவில்லை. ஊசி இல்லை, எண்ணெய்ச் சாறு இல்லை. மற்ற எலிகளைப் போலத் தின்று, குடித்து, மரத்தூளுக்குள் சுருண்டு படுத்ததைத் தவிர அவை செய்ததும் ஒன்றுமில்லை. அவற்றின் ஈரலில் எப்படி மண்ணிறப் புள்ளிகள் வந்தன என்பதுதான் பிரசாந்திக்கு விளங்கவில்லை.

நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுத்தாள். எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். திரும்பவும் குனிந்து பார்த்தாள். சாயமேறி நீலமாகக் கிடந்த ஈரல் கலங்களுக்கு நடுவே, வெள்ளைத் துணியில் தேத்தண்ணி சிந்தினதுபோல அந்தப் புள்ளிகள் அப்படியே இருந்தன. புற்றுநோயாக மாறக்கூடிய கலங்கள் மட்டும்தான் அந்தச் சாயத்தில் மண்ணிறமாகும். நல்ல ஈரலில் அது ஒட்டாது.

வட்டுக்கோட்டைக்கு அப்பால், வயல்களின் ஓரமாக இருந்தது அந்த உணவு ஆய்வு நிலையம். வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் சிலர் சேர்ந்து தொடங்கியது. நிலையத்தின் பணிப்பாளர் கலாநிதி நமசிவாயம். கனகாலம் வெளியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். கடைகளில் வடையும் றோல்சும் பொரிக்கிற எண்ணெயைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைக்கும்போது அதில் உண்டாகிற இரசாயனங்கள் ஈரல் புற்றுநோயை வளர்த்துவிடுகின்றனவா என்று பார்ப்பதுதான் அவருடைய பெரிய ஆசை. பிரசாந்தி அங்கே மூத்த ஆய்வு உத்தியோகத்தர். எலிகளில் அதைச் செய்துபார்க்கிற பொறுப்பு அவளுடையது.

முறை புதிதல்ல, எல்லா நாட்டிலும் செய்கிறதுதான். முதலாம் கூட்டத்து எலிகளுக்கு நோயைத் தொடக்கிவைக்கிற ஊசியைப் போட்டு, பிறகு கறுத்த எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த சாற்றைக் கொடுப்பார்கள். இரண்டாம் கூட்டத்துக்கு ஊசி மட்டும். மூன்றாம் கூட்டத்துக்கு ஒன்றும் இல்லை. முடிவில் எலிகளைக் கொன்று ஈரலை எடுத்து, மெல்லிய சீவலாக வெட்டிப் புள்ளிகளை எண்ண வேண்டும். எண்ணெய் குற்றவாளி என்றால் முதலாம் கூட்டத்தில் புள்ளிகள் கூடுதலாக இருக்கும். இரண்டாவதில் குறைவாக இருக்கும். மூன்றாவதில் இருக்கவே கூடாது.

இப்போது முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இரண்டிலும் எக்கச்சக்கமான புள்ளிகள். மூன்றாவதிலும் புள்ளிகள்.

அவள் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு விலங்குக் கூடத்துக்குப் போனாள்.

சூசைதாசன் அங்கே வெறுங்கூடுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கடல் தொழிலை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். எலிகளோடு எப்போதும் கதைத்துக்கொண்டே இருப்பார். அவற்றுக்குச் சளி பிடித்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

"சூசைதாசண்ணை, கூடு மாத்தேக்கை மூண்டாம் தட்டு எலியளை வேறை தட்டிலை மாறி விட்டனீங்களோ?"

"இல்லை மிஸ்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. ஒருக்காலெண்டாலும்?"

"ஒரு கூட்டைத் திறந்தால் அதைப் பூட்டாமல் மற்றதைத் தொடுறேல்லை. நீங்கள்தானே அப்பிடிப் பழக்கினனீங்கள்."

"அப்ப ஊசி போடாத எலிக்கு எப்பிடி அண்ணை நோய் வரும்?"

அவர் தண்ணீர்க் குழாயைப் பூட்டினார். ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தார். "எனக்கு உந்த நோய் விசயம் தெரியாது மிஸ். நான் பொய் சொல்லுறன் எண்டு நினைச்சால் நேரை சொல்லுங்கோ. கூடத்துத் திறப்பைத் தந்திட்டு வேலையை விட்டுப் போறன்."

அப்படி நினைக்கவில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு எலியின் காதிலும் அடையாளம் வெட்டியிருந்தது. கொன்ற அன்று ஒவ்வொரு காதையும் அவளே பார்த்திருந்தாள். மாறியிருக்க வழியே இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை. பிழை தன்னுடையதாக இல்லாமல் வேறு யாருடையதாகவாவது இருந்துவிடாதா என்று அந்த நேரம் அவளுக்கு இருந்தது. திரும்பி நடந்தாள். பின்னால் குழாய்த் தண்ணீர் திரும்பவும் ஓடத் தொடங்கியது.

நமசிவாயம் அவள் சொன்னதை முழுதாகக் கேட்கவில்லை. பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"சாயம் பிழைச்சிருக்கும். திருப்பிப் போட்டுப் பாரும்."

"மூண்டு தரம் போட்டுப் பாத்திட்டன் சேர். யாழ்ப்பாணத்துச் சந்தையிலை வாங்கின ஆட்டீரலையும் சேத்துப் போட்டுப் பாத்தனான். ஆட்டீரலிலை ஒரு புள்ளியும் இல்லை."

"எண்ணினது பிழைச்சிருக்கும்."

"எந்தக் கூட்டம் எண்டு தெரியாமல் இலக்கத்தை மறைச்சுப்போட்டுத்தான் எண்ணினனான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பிரசாந்தி, மாசக் கடைசியிலை கொழும்பிலை மாநாடு. எங்கடை தலைப்பை அச்சடிச்சாச்சு. ஒண்டுமே குடுக்காத எலிக்கு நோய் வந்தது எண்டு அங்கை போய்ச் சொன்னால் சிரிப்பினம். மூண்டாம் கூட்டத்தை விட்டிடும். ஊசி போட்ட ரண்டு கூட்டத்தையும் மட்டும் காட்டுவம். கனபேர் அப்பிடித்தான் செய்யினம்."

"அந்த ரண்டுக்கும் வித்தியாசம் இல்லையே சேர்."

"திருப்பி எண்ணும். வரும்."

திருப்பி எண்ணினாள். வரவில்லை. அந்தக் கிழமை ஏழு நாளும் அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஊசி மருந்துப் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். தரை கழுவுகிற மருந்தை, மரத்தூளை, பக்கத்து வயலுக்கு அடிக்கிற கிருமிநாசினியை என்று ஒவ்வொன்றாக ஐமிச்சப்பட்டாள். சோறு முன்னால் ஆறிப்போகும். ஸ்கூட்டியில் வரும்போது நல்லூர் வீதியில் தன் வீட்டு ஒழுங்கையையே தாண்டிப் போய், ரியூசன் விட்டு வருகிற சைக்கிள்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றாள்.

வீட்டில் அவளும் தங்கை கேதீஸ்வரியும் தங்கையின் ஒன்றரை வயதுப் பெண் மகிழினியும்தான். தங்கையின் புருசன் கட்டாரில் வேலை. பிரசாந்தி கலியாணம் கட்டவில்லை. பிள்ளை பிறந்த நாளிலிருந்து தாய்க்கு அடுத்தபடி அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கேதீஸ்வரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சத்துமாக் கஞ்சி தீத்திக்கொண்டிருந்தாள். பிள்ளை ஒரு வாய் விழுங்கும், ஒரு வாய் துப்பும். பிரசாந்தி குசினிக்கும் விறாந்தைக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு இடத்திலை இரன். பாக்க எனக்குத் தலை சுத்துது."

"எல்லாத்தையும் பாத்திட்டன், கேதீ. ஊசி சரி, தண்ணி சரி, கூடு சரி. வேறை என்ன இருக்கு?"

"என்னத்தைத் தின்னுதுகள் உன்ரை எலியள்?"

"வழமையான தீன்தான். எல்லா எலிக்கும் ஒரே தீன்."

"பராசக்தி அன்ரியின்ரை மில்லிலை அரைக்கிறதுதானே?" கேதீஸ்வரி பிள்ளையின் நாடியைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள். "பாத்தியா குஞ்சு, பெரியம்மான்ரை எலியும் நீயும் ஒரே கடைச் சாப்பாடு."

பிரசாந்தி நின்றுவிட்டாள்.

டொலர் இல்லாமல் நாடு தவித்த காலத்தில் வெளிநாட்டு எலித்தீன் வராமல் நின்றுபோனது. அப்போது சாவகச்சேரியில் ஒரு மில்லைத் தேடிப் பிடித்தவள் அவள்தான். சோளம், கச்சான், நெத்தலித்தூள் என்று அளவு சொல்லி, அரைத்துக் குளிசை போல உருட்டித் தரச் செய்திருந்தாள். செலவு பாதியாகக் குறைந்தது என்று நமசிவாயம் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் அவளைப் புகழ்ந்தார். அந்த மில்லின் முக்கிய வியாபாரம் பிள்ளைகளுக்குக் கச்சான் சேர்த்து அரைக்கிற சத்துமா. தீன் எடுக்கப் போகிற ஒவ்வொரு முறையும் பராசக்தி அன்ரி ஒரு பைக்கற் சத்துமாவை, காசு வாங்காமல், "பிள்ளைக்குக் குடு" என்று அவளுடைய பையில் திணித்துவிடுவார்.

கச்சான். ஈரத்தில் கிடந்த நிலக்கடலையில் ஒரு பூஞ்சணம் பிடிக்கும். அது விடுகிற நஞ்சுக்கு அஃப்லடொக்சின் என்று பெயர். படிக்கிற காலத்தில் அவள் முதன்முதலாக மனப்பாடம் செய்த ஈரல் நஞ்சு அதுதான். அதற்கு ஊசி தேவையில்லை. நோயைத் தொடக்கிவைக்கவும் அதற்குத் தெரியும், வளர்க்கவும் தெரியும்.

அவள் பாய்ந்துபோய்த் தங்கையின் கையிலிருந்த கிண்ணத்தைப் பறித்தாள். கஞ்சி கேதீஸ்வரியின் சட்டையெல்லாம் சிந்தியது. பிள்ளை வீரிட்டு அழுதது.

"உனக்கென்ன விசரே!"

"குடுக்காதை. இனி இதைக் குடுக்காதை."

"ஏன் அக்கா? என்ன நடந்தது? சொல்லிப்போட்டுப் பறியன்!"

பிரசாந்தி மாப் பேணியைத் திறந்து மூக்கில் வைத்து மணந்தாள். வறுத்த கச்சானின் நல்ல வாசம்தான் வந்தது. கெட்டது என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் அவளை இன்னும் பயப்படுத்தியது.

அடுத்த நாள், குளிரூட்டியில் ஒவ்வொரு தடவைத் தீனிலும் கொஞ்சம் எடுத்து வைத்திருந்த பைகளையும், வீட்டுப் பேணியிலிருந்த மாவையும், கடையில் வாங்கிய இரண்டு பைக்கற் சத்துமாவையும் கொழும்பிலுள்ள ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாள். நமசிவாயத்திடம் கேட்கவில்லை.

முடிவு வரும்வரை வீட்டில் இரண்டு பேரும் ஒழுங்காகக் கதைக்கவில்லை. பூஞ்சணத்தைப் பற்றி அவள் சொன்ன அன்றிலிருந்து, கேதீஸ்வரி காலையில் பிள்ளையை முற்றத்து வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கண் இமையை இழுத்துப் பார்ப்பாள், மஞ்சள் தெரிகிறதா என்று. பிள்ளை அதை விளையாட்டு என்று நினைத்துத் தாயின் கண்ணையும் இழுக்கும். பிரசாந்தி அதைப் பார்க்காததுபோல ஸ்கூட்டியை உதைத்துக் கிளப்புவாள்.

ஆய்வுகூடத்திலிருந்து தொலைபேசி வந்தபோது அவள் விலங்குக் கூடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மாரி மழைக்கு முந்திய தீன்களில் ஒன்றும் இல்லை. மழைக்குப் பிந்திய தீன் எல்லாவற்றிலும் நஞ்சு இருந்தது, அதுவும் அனுமதித்த அளவைப் போலப் பல மடங்கு. கடையில் வாங்கிய சத்துமாவில் ஒரு பைக்கற் சுத்தம். மற்றதிலும் வீட்டுப் பேணி மாவிலும், எலித்தீனைவிடக் குறைவுதான், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குக் கூடாத அளவு.

"ஏன் மிஸ், முகம் உப்பிடிக் கிடக்கு?" என்று சூசைதாசன் கேட்டார். பல நாட்களுக்குப் பிறகு அவர் தானாகக் கதைத்தது அதுதான்.

"தீனிலைதான் அண்ணை. தீனிலை நஞ்சு இருந்திருக்கு." அவள் அவருக்குக் கிட்டப் போனாள். "உங்களைக் கேட்டது பிழை. அண்டைக்கே எனக்குத் தெரியும், நீங்கள் மாத்தேல்லை எண்டு. தெரிஞ்சுகொண்டுதான் கேட்டனான்."

"தெரிஞ்சுகொண்டு கேட்டதுதான் மிஸ் எனக்குக் கவலை" என்றார். பிறகு, "அந்தத் தீனை நான்தானே அள்ளி அள்ளிப் போட்டனான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

நமசிவாயம் இந்தமுறை கடைசிவரை கேட்டார். சாயமும் பிழையில்லை, எண்ணிக்கையும் பிழையில்லை என்று அவருக்கு விளங்கியது முகத்தில் தெரிந்தது. ஒரு நாளில் ஐந்து வயது கூடினதுபோலக் கதிரையில் சாய்ந்தார்.

"யாரிட்டையேனும் கதைச்சனீரோ?"

"இன்னும் இல்லை."

"கதையாதையும். தீனை எறிவம். புது எலி எடுத்துத் திருப்பித் தொடங்குவம். மாநாட்டுக்கு ஏதும் காரணம் சொல்லுறன். எங்கடை வேலை எண்ணெய். மாவைப் பாக்கிறது வேறை ஆக்களின்ரை வேலை."

"அந்த மாவை என்ரை வீட்டிலை ஒரு பிள்ளை தின்னுது சேர். இன்னும் எத்தினை வீட்டிலை தின்னுதுகளோ தெரியாது."

"நிலையத்தின்ரை பேர் அடிபடும். கெட்டுப்போன தீனை வச்சு ஆராய்ச்சி செய்தவையாம் எண்டு எழுதுவாங்கள். அந்த மில்லைத் தேடிப் பிடிச்சது ஆரெண்டும் கேப்பாங்கள். யோசிச்சீரோ?"

"யோசிச்சனான்."

"அப்ப நான் சொல்லி நீர் கேக்கப்போறேல்லை."

"ஓம் சேர்."

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போ என்றும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் கேதீஸ்வரிக்குச் சொன்னாள். அவள் அழவில்லை. பிள்ளையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"என்ரை பிள்ளைக்கும் வருமோ?"

"எலி வேறை, பிள்ளை வேறை, கேதீ. எலி மூண்டு நேரமும் அதை மட்டும்தான் திண்டது. மகிழ் கொஞ்சம்தான் திண்டவள்."

"நான் அதைக் கேக்கேல்லை. வருமோ வராதோ?"

"வருமெண்டு சொல்லேலாது."

"வராதெண்டு சொல்லு."

பிரசாந்தி வாயைத் திறந்தாள். அத்தனை வருடம் படித்த படிப்பில் அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்கு இடமிருக்கவில்லை. "அதுவும் சொல்லேலாது" என்றாள். கேதீஸ்வரி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலையில் பிரசாந்தி சாவகச்சேரிப் பி.எச்.ஐ, சுகாதாரப் பரிசோதகர் கோபிசங்கருக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். பத்து மணிபோல மில்லுக்கு வருவதாக அவர் சொன்னார். போனை வைத்ததும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த ஆட்கள் போய் இறங்குகிற நேரம் தான் இங்கே மேசைக்கு முன்னால் இருப்பது சரியாகப் படவில்லை. ஸ்கூட்டியை விட்டுவிட்டுப் பஸ் எடுத்தாள். ஏ9 வீதியில் பஸ் ஒவ்வொரு தரிப்பிலும் நின்று நின்று போனது. கைதடியில் ஒரு கிழவர் கோழிக் கூடையோடு ஏற முயன்று நடத்துனரோடு சண்டை பிடித்தார். அவள் சீற்றின் விளிம்பில் இருந்துகொண்டு மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மில்லில் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. மா படிந்த தலைத்துண்டோடு நாலைந்து பெண்கள் பைக்கற் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் யுத்தத்தில் புருசனையோ பிள்ளையையோ இழந்தவர்கள். பராசக்தி அப்படி ஆட்களைத்தான் தேடி வேலைக்கு எடுப்பார். அவருக்கும் அதே கதைதான்.

"வா பிள்ளை! சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிக்கிறாய். தீன் முடிஞ்சுதோ?"

"மெசினை நிப்பாட்டச் சொல்லுங்கோ அன்ரி. உங்களோடை தனியக் கதைக்கோணும்."

களஞ்சிய அறைக்குள் வைத்து அவள் சொன்னாள். சொல்லச் சொல்லப் பராசக்தியின் முகம் முதலில் விளங்காமல் நின்றது, பிறகு சிவந்தது.

"என்ரை மாவிலையோ? ஆருக்குச் சொல்லுறாய் நீ? என்ரை பேத்தியும் இதைத்தானடி தின்னுறாள்!"

"தெரியும் அன்ரி. எங்கடை வீட்டிலையும் அதைத்தான் தின்னுது."

"எலி செத்ததுக்கு என்ரை மாவோ காரணம்? நீங்கள்தானே ஊசி போட்டுக் கொல்லுறனீங்கள்!"

"ஊசி போடாத எலிக்கும் வந்திருக்கு அன்ரி. கச்சான் எங்கை வாங்கினனீங்கள்? மழைக்குப் பிறகு வாங்கினது?"

பராசக்தி மூலையிலிருந்த சாக்குகளைப் பார்த்தார். பிரசாந்தியும் பார்த்தாள். கூரைத் தகரத்தில் ஒரு இடம் துருவேறி ஓட்டையாகி இருந்தது. அதற்கு நேர் கீழே, சுவரில் மழை ஒழுகின கறை சாக்குவரை இறங்கியிருந்தது. பராசக்தி போய் ஒரு சாக்கின் வாயை அவிழ்த்துக் கையை ஆழமாக விட்டு ஒரு பிடி அள்ளினார். மேலே கிடந்த கச்சான் நன்றாக இருந்தது. அடியில் இருந்து வந்த பருப்புகள் சுருங்கி, சிலவற்றில் மஞ்சளும் பச்சையுமாகப் பொடி படிந்திருந்தது.

"வெயில் வந்தாப்போலை காயவிட்டனாங்கள்" என்றார். சத்தம் இறங்கிவிட்டது. "வறுத்தால் எல்லாம் போயிடும் எண்டுதான் நினைச்சனான். நல்லா வறுத்துத்தான் அரைச்சது."

"வறுத்தாலும் அது போகாது அன்ரி."

வெளியில் பெண்கள் தங்களுக்குள் கதைக்கிற சத்தம் கேட்டது. மெசின் ஏன் நின்றது என்று யாரோ கேட்டார்கள்.

"எனக்கு ஒரு கிழமை தா" என்று பராசக்தி அவளுடைய கையைப் பிடித்தார். "கடையளிலை இருக்கிற எல்லாப் பைக்கற்றையும் நானே போய்த் திருப்பி எடுக்கிறன். ஒண்டும் விடமாட்டன். இதெல்லாத்தையும் கொளுத்துறன். ஒருத்தருக்கும் தெரியவேண்டாம். இந்தப் பிள்ளையள் எங்கை போறது? சொல்லு."

"அன்ரி, நான் காலமையே பி.எச்.ஐக்குச் சொல்லிட்டன். இப்ப வந்துடுவினம்."

பராசக்தி கையை விட்டார். நெருப்பைத் தொட்டவர் போல விட்டார்.

"அங்கை சொல்லிப்போட்டோ இஞ்சை வந்தனீ?"

"ஓம்."

"பிறகேன் வந்தனீ? பாத்துக்கொண்டு நிக்கவோ?"

"நீங்கள் அவையளின்ரை வாயாலை கேக்கக் கூடாதெண்டுதான்... நானும் நிக்கோணும் எண்டு நினைச்சன்."

"நான் உன்ரை பிள்ளைக்கெண்டு சும்மா தந்தனான்" என்றார் பராசக்தி. களஞ்சியத்தை விட்டு வெளியே போனார்.

கோபிசங்கர் இரண்டு ஆட்களோடு வந்து இறங்கினார். சாக்குகளில் மாதிரி எடுத்தார்கள், களஞ்சியத்தைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராகத் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்து மாமரத்தடியில் நின்றார்கள். பிரசாந்தி வாசல் படலை ஓரமாக, வெயிலிலேயே, எல்லாம் முடியும்வரை நின்றாள். ஒருத்தரும் அவளை இருக்கச் சொல்லவில்லை. போகிறபோது பெண்களில் ஒருத்தி அவள் காலடியில் துப்பினாள்.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் நடக்கவேண்டியபடிதான் நடந்தன. கடைகளிலிருந்து பைக்கற்றுகள் திரும்ப எடுக்கப்பட்டன. முகநூலில் மூன்று நாள் மில்லைத் திட்டினார்கள், நாலாம் நாள் ஆய்வு நிலையத்தைத் திட்டினார்கள். நமசிவாயம் மாநாட்டிலிருந்து தலைப்பை விலக்கிக்கொண்டார். இரண்டு கிழமை அவளைக் கண்டும் காணாததுபோல நடந்தார். ஒருநாள் காலையில் அவளுடைய அறை வாசலில் வந்து நின்று, "புது எலி வருது. முதலிலை இருந்து தொடங்கும். தீனையும் ஒவ்வொரு தடவையும் சோதிச்சுப்போட்டுக் குடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வடை எண்ணெய் ஈரலுக்கு என்ன செய்கிறது என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

மகிழினியின் இரத்தத்தைச் சோதித்த வைத்தியர், ஈரல் நன்றாக வேலை செய்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். கேதீஸ்வரி வீட்டுக்கு வரும்வழியில் நல்லூர் முருகனுக்குக் கற்பூரம் கொளுத்தினாள். அன்றிரவு அக்காவுக்குத் தன் கையால் புட்டு அவித்துப் போட்டாள். ஆனாலும் காலை வெயிலில் பிள்ளையின் இமையை இழுத்துப் பார்ப்பதை அவள் நிறுத்தவில்லை. பிரசாந்தியும் இப்போது பக்கத்தில் வந்து நின்று பார்க்கிறாள்.

கூரையைத் திருத்தி, நிலத்திலிருந்து உயர்த்திப் பலகை அடித்து, சோதனைகள் எல்லாம் முடிந்து மில் திரும்பத் திறந்தபோது ஆடி பிறந்துவிட்டது. பழைய பெண்களில் இருவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். திறந்து சில நாட்களில் பிரசாந்தியின் போனில் பராசக்தியின் இலக்கம் விழுந்தது. அவள் எடுக்கப் பயந்து, மூன்றாம் முறை அடித்தபோது எடுத்தாள்.

"கச்சான் வந்திருக்கு" என்றார் பராசக்தி. வணக்கமும் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை. "வந்து பார்."

"அன்ரி, பி.எச்.ஐ பாப்பார்தானே..."

"அவர் பாக்கிறது வேறை. நீதானே கண்டுபிடிச்சனீ. நீ வந்து பார்."

ஈரம் அளக்கிற கருவியை எடுத்துக்கொண்டு போனாள். அதிலிருந்து ஒவ்வொரு லோட் வரும்போதும் போன் வரும். வேலைக்கு நடுவில் வரும், சாப்பிடும்போது வரும், ஒருமுறை சினேகிதியின் கலியாண வீட்டில் தாலி கட்டுகிற நேரம் வந்தது. ஒரு தடவையாவது மறுத்துவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பாள். பிறகு அந்தச் சாக்குகளின் அடியில் என்ன இருக்குமோ என்ற நினைப்பு வந்து அரிக்கத் தொடங்கும். சாவகச்சேரிப் பஸ்சில் ஏறிவிடுவாள்.

பராசக்தி இருக்கச் சொல்வதில்லை. தேத்தண்ணி கொடுப்பதில்லை. சாக்கின் வாயை அவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் கை கட்டிக்கொண்டு நிற்பார். பிரசாந்தி முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து பருப்பை அள்ளி, உடைத்து, அளந்து, "சரி" என்பாள். அவர் அடுத்ததை அவிழ்ப்பார்.

போன கிழமை அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இத்தனை நாளில் முதல் தடவையாக அவர் வேறொன்று கேட்டார்.

"அந்த ஒண்டும் குடுக்காத எலியள்... அதுகளுக்குப் பிறகு என்ன நடந்தது?"

"கொன்றுதான் பாத்தனாங்கள் அன்ரி. கொல்லாமல் ஈரலைப் பாக்கேலாது."

"எல்லாத்தையுமோ?"

"ஓம். எல்லாத்தையும்."

பராசக்தி தலைத்துண்டு நுனியால் கழுத்து வியர்வையைத் துடைத்தார்.

"மூலையிலை இன்னும் ரண்டு சாக்குக் கிடக்கு" என்றார். "அதையும் பாத்துப்போட்டுப் போ."